ராஸ்பெரி பை 400-க்கு வயரைக் கழற்றாமல் மூடுகிற பெட்டி வேண்டும், எப்படிச் செய்யலாம்?

மாலைவகுப்பு எழுதியது:

என்னிடம் இருப்பது ராஸ்பெரி பை 400. கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருக்குமே, வெள்ளையும் சிவப்புமாக, 2020-இல் வந்த அதே மாடல். ஆபீஸ் மும்பை சிஎஸ்எம்டி ஸ்டேஷன் பக்கம், வீடு கல்யாணில். சாயங்காலம் ஸ்லோ லோக்கலில் சயானில் இறங்கி, தாராவி 90 அடி ரோட்டை ஒட்டி இருக்கும் ஒரு டியூஷன் அறையில் ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகளுக்கு புரோகிராம் எழுத ஸ்கிராட்ச்சும் கொஞ்சம் பைத்தானும் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே ஒரு பழைய டிவி இருக்கிறது, அதுதான் எங்கள் மானிட்டர்.

கீபோர்டு சின்னதுதான். 286 மி.மீ. நீளம், 122 அகலம், 23 உயரம். எந்தப் பையிலும் போய்விடும். தொல்லை எல்லாம் பின்பக்கத்தில். மைக்ரோ எச்டிஎம்ஐ, கரன்ட் வயர், யுஎஸ்பி, எஸ்டி கார்டு எல்லாமே அந்த ஒரு பக்கத்தில்தான். தினமும் சொருகி, கழற்றி, மறுபடி சொருகி இப்போது எச்டிஎம்ஐ வயரை லேசாகத் தொட்டாலே டிவியில் படம் போய்ப் போய் வருகிறது. வயரோடு பையில் வைத்தால் லேடீஸ் கம்பார்ட்மென்ட் நெரிசலில் அந்தச் சொருகு என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

அப்பா ரொம்ப வருஷம் தாராவிப் பட்டறைகளில் தோல் பை தைத்தவர். வீட்டில் இன்னும் தையல் மெஷின் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் பேப்பரை விரித்து, கீபோர்டை வயர்களோடு அதன் மேல் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். 330-க்கு 200 வந்தது. "கீபோர்டுக்கு அளவு எடுக்காதே, வயருக்கு எடு" என்றார். அது எனக்கும் சரியாகத்தான் படுகிறது.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. முழுக்கத் தோலில் செய்தால் நெரிசலைத் தாங்குமா, இல்லை உள்ளே ப்ளைவுட் வைக்க வேண்டுமா? பெட்டிக்குள் வைத்தபடியே வேலை செய்தால் சூடாகுமா? அப்பா மூடிக்குக் காந்தப் பட்டன் வைக்கலாம் என்கிறார், எஸ்டி கார்டில் இருப்பது அழிந்துவிடாதா? டியூஷன் அறையில் பிளக் பாயின்ட் ஒன்றுதான், அதுவும் டிவிக்கே போய்விடும். பவர் பேங்கையும் உள்ளேயே வைத்துவிட்டால் நல்லது.

---

வேகமான_பதில்:

இதற்கெல்லாம் பெட்டி எதற்கு மேடம்? 13 இன்ச் லேப்டாப் ஸ்லீவ் வாங்கிப் போடுங்கள். வேலை முடிந்தது.

மாலைவகுப்பு:

ஸ்லீவ் ஏற்கெனவே இருக்கிறது. அதில் போட வேண்டுமென்றால் வயரைக் கழற்ற வேண்டும். கழற்றக் கூடாது என்பதுதான் கேள்வியே.

---

லாமிங்டன்ரோடு எழுதியது:

நீங்கள் சொல்வது சரியான நோய்தான். மைக்ரோ எச்டிஎம்ஐ சாக்கெட் தினசரிக் குத்துக்கு ஏற்றதில்லை, அதோடு முழு அளவு எச்டிஎம்ஐ வயரின் கனம் முழுவதும் அந்தப் பொடிச் சாக்கெட்டில்தான் தொங்குகிறது. பெட்டி செய்கிறவர் முதலில் அந்தக் கனத்தை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கம் மைக்ரோ எச்டிஎம்ஐ முனையும் மறுபக்கம் பெரிய எச்டிஎம்ஐ சாக்கெட்டும் உள்ள குட்டை வயர் கிடைக்கும். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோட்டில் இரண்டு கடை ஏறி இறங்கினால் போதும். பெரிய சாக்கெட்டின் இரண்டு பக்கமும் ஸ்க்ரூ காது உள்ளதாகக் கேளுங்கள். அதைப் பெட்டியின் பின்சுவரில் ஓட்டை போட்டு முடுக்கிவிடுங்கள். மைக்ரோ முனை கீபோர்டில் ஒரே தடவை சொருகுவதோடு சரி. இனி டிவி வயரைப் பிடித்து யார் இழுத்தாலும் இழுப்பு ப்ளைவுட் மேல்தான் விழும். ஏற்கெனவே தளர்ந்த சாக்கெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு இருக்கிறது. இன்னொன்றில் மாற்றிச் சொருகுங்கள்.

சூடு: உள்ளே கீபோர்டு நீளத்துக்கு ஓர் உலோகத் தகடு புராசசரின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஃபேன் கிடையாது. ஸ்கிராட்ச் ஓட்டுவதற்கெல்லாம் அது அசராது. மூடி திறந்திருக்க வேண்டும், அடியில் உள்ள காற்றுத் துளைகளை ஃபோம் வைத்து அடைக்கக் கூடாது. இரண்டு ஓரத்திலும் பட்டை ஒட்டி அதன் மேல் கீபோர்டை உட்கார வைத்தால் அடியில் காற்று போகும்.

காந்தம் ஒன்றும் செய்யாது. எஸ்டி கார்டு பழைய ஃப்ளாப்பி இல்லை, ஃப்ளாஷ் மெமரி. அப்பா தாராளமாகப் பட்டன் வைக்கலாம்.

பவர் பேங்க் 5 வோல்ட், 3 ஆம்பியர் கொடுக்கிறதா என்று அதன் முதுகில் எழுதியிருப்பதைப் பாருங்கள். வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கினால் திரையில் மஞ்சள் மின்னல் குறி வரும். மெல்லிய மலிவு வயர் இருந்தாலும் வரும், அதனால் பவர் பேங்கைத் திட்டுவதற்கு முன்னால் வயரை மாற்றிப் பாருங்கள். 10,000 எம்ஏஎச் பேங்க் என்றால் 3.7 வோல்ட் கணக்கில் 37 வாட்-மணி. நஷ்டம் போக உங்கள் வகுப்புக்கு நாலு மணி நேரம் தாராளமாக வரும். ஆனால் மூடிய பெட்டிக்குள் வைத்து அதைச் சார்ஜ் போடாதீர்கள். கிளம்பும்போது எஃப்என்-னையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்திப் பிடித்து முறையாக அணைத்துவிட்டு, பவர் பேங்க் முனையைக் கழற்றிவிடுங்கள். அந்த ஒன்றை மட்டும் கழற்றத்தான் வேண்டும்.

---

பழைய_டிரங்க்:

ஊர்க்காரர் யாரிடமாவது தகர டிரங்க் பெட்டி இல்லாமலா இருக்கும்? உள்ளே துணி ஒட்டி வைத்தால் யானை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது.

லாமிங்டன்ரோடு:

அண்ணே, யானை சரி, வைஃபை? ஆன்டெனா உள்ளே போர்டில் இருக்கிறது. சுற்றிலும் தகரம் என்றால் சிக்னல் பாதியில் நிற்கும். பின்பக்கம் எல்இடி மாதிரி சாமான்களை இணைக்கிற 40 உலோக ஊசிகள் (பின்) வேறு திறந்து கிடக்கின்றன, தகர விளிம்பு அவற்றில் பட்டால் கதை முடிந்தது.

---

சயான்_போர்டுகாரன் எழுதியது:

தங்கச்சி, நான் கடைப் பெயர்ப்பலகை செய்கிறவன். பொருள் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எம்டிஎஃப், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, வேண்டாம். இந்த ஊர் மழைக்கு ஓரம் ஊதிவிடும், ஒருமுறை ஊதினால் திரும்பப் பழைய நிலைக்கு வராது. சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் ஃபோம் பலகை கனமே இல்லை, தண்ணீருக்கும் அசையாது, கட்டர் கத்தியால் வெட்டலாம். ஆனால் ஸ்க்ரூ பிடிக்காது, சாக்கெட்டை முடுக்கினால் நாள்பட ஓட்டை பெரிதாகிவிடும். அதனால் அடிப்பலகையும் பின்சுவரும் 6 மி.மீ. ப்ளைவுட், மற்ற மூன்று சுவரும் மூடியும் 4 மி.மீ. இதுதான் என் கணக்கு. ப்ளைவுட் கடையில் வெட்டுத் துண்டு கேளுங்கள், இவ்வளவுக்கு முழு ஷீட் வாங்குவது வீண். மூலைகளை நேராக ஒட்டி விடாமல் உள்பக்கம் அரை இஞ்ச் ரீப்பர் வைத்து ஒட்டுங்கள்.

தோல் வெளியே போர்த்துவதற்கு அழகு. தனியாக நின்று நெரிசலைத் தாங்காது. அப்பாவுக்கு இது தெரியாமல் இருக்காது, நீங்கள் ஆசைப்பட்டதால் சும்மா இருந்திருப்பார்! இன்னொன்று, ஜூலை ஆகஸ்டில் இங்கே பீரோவில் வைத்த பெல்ட்டிலேயே பூஞ்சை பூக்கும். தினமும் எடுத்துப்போகிற பெட்டிக்கு ரெக்சின் போதும் என்பேன்.

உள்ளே யூ-ஃபோம் போடாதீர்கள். சில வருஷத்தில் மஞ்சளாகிப் பொடிந்து கீக்களுக்கு நடுவே இறங்கும். செருப்புப் பட்டறைகளில் ஈவா ஷீட் துண்டு கிடக்கும், அது உதிராது. மூடியில் ஒட்டும்போது நாலு ஓரத்திலும் மட்டும் ஒட்டுங்கள். நடுவில் ஒட்டினால் மூடும்போதெல்லாம் கீக்களை அழுத்தும்.

---

மாலைவகுப்பு:

அண்ணாச்சி, உங்கள் பதிலை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "ரெக்சினா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் ஒரு வழியாகச் சமாதானம். உடம்புக்கு ரெக்சின், கைப்பிடிக்கும் மூடியின் கீலுக்கும் தோல். கீலுக்கு இரும்பு வைத்தால் துருப்பிடிக்கும், ஒரே நீளத் தோல் பட்டையை இரண்டு வரிசை தைத்தால் போதும் என்கிறார். ரெக்சின் பட்டை அந்த மடிப்பில் சீக்கிரம் வெடித்துவிடுமாம். அதில் அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் தகுதி இல்லை என்பதால் ஒத்துக்கொண்டேன்.

பின்சுவரில் எச்டிஎம்ஐ சாக்கெட் ஒன்று, பவர் பேங்க் வயருக்கு ஒரு வளையம், எஸ்டி கார்டை எடுக்க விரல் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. பவர் பேங்க் கீபோர்டுக்குப் பின்னால் குறுக்காகப் படுக்கும், வெல்க்ரோ பட்டையில். மொத்தம் 330-க்கு 200-க்கு 60. தோள்பட்டைக்கு மாட்ட வளையமும் வருகிறது.

ஒன்று பாக்கி. பிள்ளைகளுக்கு எல்இடி எரிய வைத்துக் காட்ட அந்த 40 பின்னையும் வெளியே கொண்டுவர வேண்டும். பட்டை வயரைப் பின்சுவர் வழியாக இழுக்கலாமா?

லாமிங்டன்ரோடு:

இழுக்கலாம். 40 வயர் ரிப்பன், ஒரு முனை பெண் (ஓட்டை உள்ளது), மறுமுனை ஆண் (ஊசி உள்ளது). ஒரு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம். நிறக் கோடு உள்ள ஓரத்தை 1-ஆம் பின் பக்கமாகச் சொருகுங்கள். பெட்டிக்கு வெளியே வரும் முனையில் 2, 4 ஆகிய பின்களை இன்சுலேஷன் டேப்பால் மூடிவிடுங்கள். அவை 5 வோல்ட். ஜிபிஐஓ எனப்படும் சிக்னல் பின்கள் 3.3 வோல்ட்தான் தாங்கும், ஒரு பிள்ளை தெரியாமல் இரண்டையும் வயரால் இணைத்தால் போர்டே போய்விடும். எல்இடிக்கு 330 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். பயணத்தில் ரிப்பன் முனை உள்ளேயே மடங்கி இருக்கட்டும், அதற்கு ஈவாவில் ஒரு பள்ளம் வெட்டச் சொல்லுங்கள் அப்பாவிடம்.