பயிற்சிக்கு ஏற்ற பலன் தரும் விளையாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மதிலோரம் (கேள்வி):

வணக்கம். ஒரே விளையாட்டில் ஊன்றிப் பயின்று, போட்டிகளில் கலந்துகொள்ளும் அளவுக்குத் தேற வேண்டும் என்பது என் விருப்பம். இப்போது ஐவர் அணியாக ஆடும் துப்பாக்கிச் சுடு விளையாட்டு ஒன்றை இணையத்தில் அன்றாடம் ஆடுகிறேன். ஆனால் ரேங்க் நெடுநாளாக நகரவில்லை. வெற்றியும் தோல்வியும் ஏறக்குறையச் சமமாகவே வருவதால், என் திறமை வளர்கிறதா, அல்லது அணியில் யார் வந்து சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கிறதா என்று விளங்கவில்லை. ஒரு விளையாட்டு திறமையை மதிக்கிறதா, அதிர்ஷ்டத்தை மதிக்கிறதா என்று எப்படி அறிவது? இவ்வளவு ஆடியும் முன்னேற்றம் தெரியாததற்கு என்ன காரணம்?

கட்டத்துக்குதிரை:

முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். தற்செயல் அறவே இல்லாத விளையாட்டு கிடையாது. சதுரங்கத்தில்கூட, எதிராளி முந்தைய இரவு படித்துவிட்டு வந்த தொடக்க நகர்வுகளிலேயே நாம் போய் மாட்டிக்கொள்வது உண்டு. ஆகவே எத்தனை ஆட்டங்களுக்குள் திறமை தற்செயலை மீறித் தெரிகிறது என்று பார்ப்பதே பயன் தரும். சதுரங்கத்தில் இதற்குக் கணக்கே இருக்கிறது. இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் எலோ வகுத்து, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்ட ரேட்டிங் முறைப்படி, ரேட்டிங்கில் 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 76 ஆட்டப் புள்ளி (வெற்றிக்கு 1, சமநிலைக்கு அரை) எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். இடைவெளி 400 ஆனால் அது 91 ஆகிவிடும். புதிதாக வந்தவருக்கும் உச்சத்தில் இருப்பவருக்கும் நடுவே இப்படிப்பட்ட படிகள் எத்தனை அடுக்க முடியும் என்பதைப் பாருங்கள். சதுரங்கத்திலும், கறுப்பு வெள்ளைக் காய்களைப் பலகையில் வைத்து ஆடும் கோ ஆட்டத்திலும் அவை ஏராளம். பகடையை மட்டுமே நம்பிய ஆட்டத்தில் ஒரு படிகூட இராது.

சீட்டாட்டம் என்றாலே அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். டூப்ளிகேட் பிரிட்ஜ் போட்டிகளில் ஒரே சீட்டுப் பகிர்வை அப்படியே அடுத்தடுத்த மேசைகளுக்கு அனுப்புவார்கள். உங்கள் கணக்கு எதிரே இருப்பவரோடு அல்ல, அதே சீட்டுகளை வேறொரு மேசையில் கையில் பிடித்தவரோடுதான் ஒப்பிடப்படும். மோசமான சீட்டுகள் வந்தாலும், அவரைவிடக் குறைவாக இழந்தால் மதிப்பெண் உங்களுக்கே.

வெற்றியும் தோல்வியும் சமமாக வருவதில் வியப்பில்லை. உங்களுக்கு நிகரானவர்களைத் தேடிப் பிடித்து எதிரே நிறுத்துவதுதான் அந்த மேட்ச்மேக்கிங் முறையின் வேலை. அணித் துணைவர்களைப் பற்றிய மனக்குறை எல்லாருக்கும் உண்டு. ஆனால் உங்கள் அணியில் சொதப்பக்கூடிய அந்நியர்கள் 4 பேர், எதிரணியில் 5 பேர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நிதானக்குறி:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆடுவது வேறு, பயில்வது வேறு. ஒரு ஆட்டத்தில் உங்களுக்குக் கடினமான சூழல் ஒன்றோ இரண்டோ முறைதான் எதிர்ப்படும். அது கைக்குப் படிவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பயிற்சி என்பது அந்த ஒரு சூழலை மட்டும் பிரித்தெடுத்து, தவறு உடனே கண்ணில் படும்படி திரும்பத் திரும்பச் செய்வது.

கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற ஐவர் அணிச் சுடு விளையாட்டில் ஏகே-47 துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்திப் பிடித்தால் குண்டுகள் முதலில் மேலே ஏறி, பிறகு இடமும் வலமுமாக அலையும். சிறு சிதறலைத் தவிர, அந்த வழி ஒவ்வொரு முறையும் ஒன்றேதான். வெறும் சுவரைப் பார்த்துச் சுட்டு, கணினி எலியை (மவுஸை) அதற்கு நேர் எதிர்த்திசையில் இழுத்துப் பழகினால் ஓட்டைகள் மெல்ல மெல்ல ஒரே இடத்தில் குவிவதைக் கண்ணால் காணலாம். நிற்பதும் அப்படித்தான்: நகர்ந்துகொண்டே சுட்டால் குறி தவறும், ஆகவே வலப்புறம் ஓடும்போது இடப்புறம் நகர்த்தும் விசைப்பலகைப் பொத்தானை ஒரு கணம் தட்டி உடலை நிறுத்திவிட்டுச் சுட வேண்டும். இதையெல்லாம் மேட்ச் நடுவில் கற்றுக்கொள்ள முயல்பவர்கள்தான் ஆண்டுக்கணக்கில் ஒரே ரேங்கில் இருக்கிறார்கள் என்பது என் கருத்து. கொஞ்சம் கடுமையாகப் படலாம்.

2004ஆம் ஆண்டு ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் III ஆட்டத்தில் டைகோ உமேஹாரா செய்ததைப் பலரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். உயிர்க்கோடு ஏறக்குறையத் தீர்ந்திருந்த நிலையில், சாதாரணமாகத் தடுத்தால்கூட அவர் தோற்றிருப்பார். எதிராளியின் 15 அடிகளையும், ஒவ்வொன்றும் படும் கணத்தில் கட்டுப்பாட்டுக் கோலை முன்பக்கம் தட்டி விலக்கிவிட்டு வென்றார். அந்த அடிகளின் தாளம் மாறாதது என்பதால் அதைப் பயிற்சி அறையில் மனப்பாடம் செய்ய முடியும். முதல் அடி எப்போது வரும் என்று கணிப்பதற்குத்தான் மனிதர்களோடு ஆடிய அனுபவம் வேண்டும். எனவே இரண்டையும் செய்யுங்கள். தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயை (பதிவை), முதலில் எதிராளியின் கண்வழியே பாருங்கள்.

சந்தேகப்பிராணி:

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை, ஆனால் பயிற்சியே எல்லாம் என்ற எண்ணம் புதியவர்களை வீணாக வருத்தும். மெக்னமாரா, ஹாம்பிரிக், ஆஸ்வால்ட் ஆகியோர் 2014இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் ஒருவருக்கொருவர் உள்ள திறமை வேறுபாட்டில் 26 விழுக்காட்டைத்தான் முறையான பயிற்சியின் அளவு விளக்கியது. அர்ஜென்டினாவின் சதுரங்க வீரர்களிடம் கோபே, காம்பிடெல்லி இருவரும் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கும் மேல் தேவைப்பட்டது. பக்கத்தில் இருப்பவர் விரைந்து ஏறுகிறார் என்றால் அவர் உங்களைவிட உழைக்கிறார் என்று பொருளாகாது.

தேர்ந்தெடுக்கும்போது விதிகள் நிலையானவையா என்றும் பாருங்கள். ஆயுதங்களின் வலிமையைச் சில வாரங்களுக்கு ஒருமுறை பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போட்டு மாற்றும் விளையாட்டில், கற்றதில் ஒரு பகுதி அவ்வப்போது செல்லாக்காசாகிவிடும். விதி மாறாததால் ஆட்டம் சலித்துவிடும் என்பதும் இல்லை. 1989இல் நின்டெண்டோ கருவிக்கு வந்த டெட்ரிஸில், 29ஆம் நிலைக்குப் பிறகு கட்டைகள் விழும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, அதுவே எல்லை என்று நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு பொத்தானை அதிவிரைவாகத் தட்டும் முறையும், அதற்கும் பிறகு கருவியின் பின்புறத்தை விரல்களால் வரிசையாக உருட்டித் தட்டும் முறையும் வந்தன. 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவர் ஒருவர் ஆட்டமே உறைந்து நின்றுபோகும் இடம்வரை ஆடிக் காட்டினார்.

மதிலோரம்:

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி: இப்போது விளையாட்டை மாற்றினால், இதுவரை கற்றது அங்கே உதவுமா?

கட்டத்துக்குதிரை:

அதே வகை விளையாட்டுக்கு மாறினால் ஓரளவு உதவும். வகை மாறினால் மிகக் குறைவு. சேஸ், சைமன் ஆகியோர் 1973இல் வெளியிட்ட சோதனையில், உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த சதுரங்க நிலையை 5 விநாடி மட்டும் காட்டியபோது மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியாகத் திரும்ப வைத்தார். புதியவர் 4 காய்களோடு நின்றார். காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியதும் மாஸ்டரின் மேன்மை மறைந்துவிட்டது. அவரிடம் இருந்தது பொதுவான நினைவாற்றல் அல்ல, அந்தப் பலகையில் மட்டும் செல்லுபடியாகும் பழக்கம்.

நிதானக்குறி:

மாறுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். அடுத்த சில வாரங்களுக்கு ரேங்க் ஆட்டங்களைப் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்தைச் சுவரிடமும் ரீப்ளேயிடமும் கொடுங்கள். அந்தச் சலிப்பான பாதி பிடித்திருந்தால் இந்த விளையாட்டிலேயே இருக்கலாம்; அது பிடிக்காமல் ஆட்டம் மட்டும் பிடித்திருந்தால், வேறு எந்த விளையாட்டுக்குப் போனாலும் இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள்.