'மீண்ட' புற்றா, மறுகிளர்ந்த புற்றா?

குழுவினருக்கு வணக்கம்.

மைய நரம்பு மண்டலத்தில் நிணநீர்ப் புற்று திரும்ப வந்தவர்களிடம் இப்ருட்டினிப் என்ற இலக்கு மருந்தைச் சோதிக்கிறார்கள். ஆய்வில் சேர்பவர்களுக்கான விளக்கத்தாளைத் தமிழில் எழுதுகிறேன். 'ரிலாப்ஸ்டு' என்பதற்கு 'மீண்ட', 'இன்ஹிபிட்டர்' என்பதற்குத் 'தடுப்பான்', மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவே நின்று பல மருந்துகளை மறிக்கும் சுவருக்குக் 'குருதி-மூளைத் தடுப்பு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

- - -

> 'மீண்ட' என்று போட்டிருக்கிறேன்

ஐயா, இதை முதலில் எடுத்துவிடுங்கள். 'நோய் மீண்டது' என்றால் திரும்பி வந்தது. 'நோயிலிருந்து மீண்டார்' என்றால் பிழைத்துக்கொண்டார். 'மீண்ட நோயாளிகள் சேரலாம்' என்று ஒரு வரி வந்தால், குணமானவர்களை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் படிப்பவர் கேட்பார்.

'மறுகிளர்வு' எப்படி? இந்தப் புற்று முதல் சிகிச்சையில், பெரும்பாலும் அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் என்ற புற்று மருந்தில், ஸ்கேனில் தெரியாத அளவுக்குக் கரைந்துவிடுவதுண்டு. பிறகு பலருக்கு மறுபடி எழுகிறது. எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்ததல்ல, அடங்கிக் கிடந்தது கிளர்ந்தது.

இதன் கூடவே 'ரிஃப்ராக்டரி' என்ற சொல்லும் வரும். சிகிச்சைக்கு முதலிலிருந்தே சரியாகக் கட்டுப்படாதது. அதற்கு 'மசியாத' போதும். எதற்கும் மசியாத ஆளை நமக்கெல்லாம் தெரியும்.

> குருதி-மூளைத் தடுப்பு

'தடுப்பைத் தாண்டிச் செல்லும் தடுப்பான்' என்று எழுத வேண்டி வரும், பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மருந்தின் சிறப்பே அந்தத் தாண்டல்தான். 'குருதி-மூளை அரண்' என்றால் குழப்பம் தீரும்.

'இலக்கு மருந்து' பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. இலக்கு என்றதும் மூளையில் உள்ள கட்டியைக் குறிபார்த்து அடிக்கும் என்று தோன்றும். இப்ருட்டினிப்பின் இலக்கு கட்டி அல்ல, புரூட்டன் டைரோசின் கைனேஸ் என்ற நொதி. எதிர்ப்புரதமே இல்லாத ஒரு சிறுவனைப் பற்றி ஆக்டன் புரூட்டன் 1952இல் எழுதினார். அவர் பெயர்தான் நொதிக்கு. இந்தப் புற்று பெரும்பாலும் கிளம்பும் வெள்ளணுவான பி செல்லை வளரச் சொல்லும் சமிக்ஞை இதன் வழியாகப் போகிறது. மருந்து அந்த நொதியின் 481ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொண்டு விடாது. நல்ல பி செல்லிலும் அதே நொதி உண்டு என்பதால் தொற்று வரலாம். சிலருக்கு இரத்தக்கசிவும், இதயத்துடிப்புக் கோளாறும் வரலாம். ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைத் தொற்று பெரிய தொல்லை. 'இலக்கு' என்ற சொல் மட்டும் இருந்தால் இதெல்லாம் மறைந்துவிடும். 'நொதியிலக்கு மருந்து' என்று விரித்தால் என்ன?

- - -

கிளர்தல் நல்லதற்கும் வருமே, தம்பி. 'மகிழ்ச்சி கிளர்ந்தது' என்போம். தவிர, நோயாளியின் மனைவி மருத்துவரிடம் 'இவருக்கு மறுகிளர்வாம்' என்று சொல்லுவாரா? 'திரும்ப வந்திடுச்சு' என்றுதான் சொல்லுவார். அந்தச் சொல் ஏன் ஆகாது? 'மசியாத' எனக்குப் பிடித்திருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

- - -

அம்மா சொல்வது பாதி சரி. ஓடும் வாக்கியத்தில் 'திரும்பி வந்த' போதும். ஆனால் தலைப்பிலும் அட்டவணையிலும் பெயர்ச்சொல் தேவைப்படும். 'திரும்பல்' என்று போட முடியுமா? அங்கே மறுகிளர்வுதான் நிற்கும்.

எண்களைச் சொல்லும்போதும் சொல் முக்கியம். 2017இல் வெளியான, இப்ருட்டினிப்பின் ஒரு முதற்கட்ட ஆய்வில் 20 பேர். புற்று முதலிலேயே மைய நரம்பு மண்டலத்தில் தோன்றியவர்கள் அவர்களில் 13 பேர், அதில் 10 பேருக்குப் பலன் தெரிந்தது. இங்கே 'பலன்' என்றால் கட்டி சுருங்கியது, குணமானது அல்ல. இதே குடும்பத்து டிராப்ருட்டினிப்புக்கு ஜப்பான் 2020இல் ஒப்புதல் கொடுத்தது 44 பேரிடம் நடந்த ஆய்வை வைத்துத்தான். 'குணமடைந்தோர்' என்ற சொல் உங்கள் தாளில் தவறியும் வந்துவிடக்கூடாது.

- - -

இருவருக்கும் நன்றி. முதல் பத்தி இப்படி ஆகியிருக்கிறது:

"சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்த, அல்லது சிகிச்சைக்கு மசியாத நிணநீர்ப் புற்று உள்ளவர்களுக்கான ஆய்வு இது. மருந்து குருதி-மூளை அரணைத் தாண்டி, பி செல்லில் உள்ள ஒரு நொதியைத் தடுக்கிறது. அந்த நொதி உங்கள் நல்ல செல்களிலும் இருக்கிறது."

'கைனேஸ்' அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கும் யாராவது சொல் வைத்திருந்தால் தனி இழையில் சண்டை போடலாம்.