திண்டுக்கல் பக்கம் எச்.ஐ.வி. உள்ளவருக்கு டயாலிசிஸ் எங்கே கிடைக்கும்?

என் அண்ணனுக்கு வயது 46. பதினோரு ஆண்டுகளாக எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறவிட்டதே இல்லை. வைரஸ் கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. மார்ச் மாதம், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினின் 9.2; மிக அதிகம். ஏ.ஆர்.டி.யில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டெனோஃபோவிர் மருந்தை நிறுத்தி அபாகாவிர் கொடுக்கிறார்கள். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்தது) தயார். விரல் வைத்தால் ரத்தம் அதிர்ந்து ஓடுவது தெரிகிறது.

வாரம் மூன்று முறை டயாலிசிஸ் தேவை. கிடைப்பது ஒன்று, அதுவும் மதுரைக்குப் போய். இங்கே இரண்டு தனியார் மையங்கள் ‘தனி மெஷின் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டன. முறையான தொற்றுத் தடுப்பு இருந்தால் எச்.ஐ.வி.க்குத் தனி மெஷின் தேவையே இல்லை. எச்.ஐ.வி. உள்ளவருக்குச் சிகிச்சை மறுப்பதை 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமும் தடுக்கிறது. எழுதிக் கொடுத்தும், ஏ.ஆர்.டி. மையக் கடிதத்தைக் காட்டியும் அசையவில்லை.

நேற்று அவர் கணுக்காலை அழுத்தினேன். விழுந்த குழி வெகுநேரம் மேலெழவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே தூங்குகிறார்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்யும் மையம் எது?