இரட்டைப் பிள்ளை சிசேரியன்: ரத்தப்போக்கு பற்றி முன்கூட்டியே என்ன கேட்டு வைக்கணும்?

பொங்கோல்வாசி
தங்கச்சிக்கு இரட்டைப் பிள்ளை, 34 வாரம். முதல் குழந்தைக்குத் தலை மேலே இருப்பதால் 37-வது வாரம் சிசேரியன் என்று நாள் குறித்தாச்சு. ஹீமோகுளோபின் 10.2. ஆஸ்துமா உண்டு. "இரட்டைன்னா ரத்தம் கொஞ்சம் கூடத்தான் போகும்" என்று டாக்டர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ஏன் அப்படி? பிறகு வீட்டில் வயிறு நீவிக் கட்ட ஒரு மலாய் அம்மாவைச் சொல்லி வைத்திருக்கிறோம், சரிதானே?

ஈசூன் அக்கா
நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்தபடி இருக்கும். கர்ப்பப்பைத் தசை இறுகி அவற்றை நெரித்தால்தான் ரத்தம் நிற்கும். நிறைமாதத்தில் அங்கே நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. இரண்டு பிள்ளை தாங்கி விரிந்த தசை சட்டென்று இறுகாது. நஞ்சு ஒட்டியிருந்த பரப்பும் பெரிது.

இரண்டாவது குழந்தையும் வெளியே வந்த பிறகுதான் கர்ப்பப்பையை இறுக வைக்கும் ஊசி. ஆக்சிடோசினை மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், வேகமாகப் போனால் பிரஷர் இறங்கும். சில நிமிடத்தில் அதன் வேலை தீர்ந்துவிடுவதால் பின்னாலேயே டிரிப்ஸும் ஓடும். இல்லையென்றால் கார்பெடோசின் 100 மைக்ரோகிராம், ஒரே தடவை.

அதற்கும் அசையாவிட்டால் எர்கோமெட்ரின், கார்போபிராஸ்ட். உங்கள் விஷயம் இங்கேதான் இருக்கு. கார்போபிராஸ்ட் மூச்சுக்குழாயைச் சுருக்கும், ஆஸ்துமாக்காரருக்குத் தவிர்ப்பார்கள். பிரஷர் இருந்தால் எர்கோமெட்ரினும் கூடாது. இரட்டைக் கர்ப்பத்தில் பிரஷர் ஏறுவது சாதாரணம், ரெண்டும் சேர்ந்தால் பாதி மருந்து கைவிட்டுப் போச்சு. ஃபைலில் இருக்கே என்று விடாதீங்க. கடைசியா எப்போ மூச்சு திணறியது, என்ன இன்ஹேலர் என்று மயக்க டாக்டரிடம் தங்கச்சி வாயாலேயே சொல்லட்டும்.

உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், ரத்தப்போக்கு தொடங்கி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். அப்புறம் கர்ப்பப்பைக்குள்ளே பலூன் வைத்து உப்புநீர் நிரப்பி அழுத்துவது (500 மில்லி வரை), கர்ப்பப்பையைச் சுற்றித் தையல், ரத்தக்குழாயை அடைப்பது. கர்ப்பப்பையை எடுப்பது கடைசி வழி.

லேப்காரன்
10.2-ஐ இப்படியே விடக்கூடாது. மூணு வாரத்தில் மாத்திரை மட்டும் போதுமா என்பது சந்தேகம்தான். ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சத்து இருப்பு) பார்த்து, நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றலாமா என்று இந்த வாரமே கேளுங்க. மாத்திரையைத் தே, கோப்பி, பால், கால்சியம் எதோடும் சேர்க்காமல் ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடணும்.

ரத்த வகை நெகட்டிவா? இங்கே சிங்கப்பூரில் சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அது அபூர்வம், நம்ம இந்தியர்களிடம் கொஞ்சம் அதிகம். அப்படியென்றால் ரத்தம் தயாராக இருக்கா என்று முன்னாலேயே கேட்டு வையுங்க.

பொங்கோல்வாசி
நெகட்டிவ் இல்லீங்க, பி பாசிட்டிவ். வார்டில் கூட இருக்கிறவர் எதைக் கவனிக்கணும்?

ஈசூன் அக்கா
பேடை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. ரத்தம் கர்ப்பப்பைக்குள்ளேயோ வயிற்றுக்குள்ளேயோ தேங்கினால் பேட் காய்ந்தே இருக்கும். பிரஷரும் கடைசியில்தான் விழும், நாடித்துடிப்புதான் முதலில் ஏறும். மேல் பிரஷர் 110 இருக்கும்போது நாடியும் 110 என்றால் நர்ஸைக் கூப்பிடுங்க, "பிரஷர் நல்லாத்தானே இருக்கு" என்று உட்காராதீங்க.

நர்ஸ் வந்து தொப்புள் பக்கம் கையை வைத்து அமுக்குவார், வலிக்கும். வேண்டாம் என்று தடுக்காதீங்க. கர்ப்பப்பை கல் மாதிரி இறுகியிருக்கா என்று பார்க்கிறார். சிறுநீர்ப்பை நிரம்பினாலும் அது இறுகாது. சிறுநீர்க் குழாயை எடுத்து ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போகாவிட்டால் சொல்லிடுங்க.

நீவுவதைத் தள்ளிப் போடுங்க. ஆறாவது வாரச் செக்கப்பில் டாக்டர் சரி என்று சொல்லும் வரை அடிவயிற்றில் கை வைக்க விடவேண்டாம், காலும் தோளும் பிடித்துவிடட்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டிருந்தால் லேசாக அமுக்கினாலே தையல் பக்கம் ரத்தம் கட்டலாம், அந்த அம்மாவிடம் அதையும் சொல்லுங்க.

வீட்டுக்கு வந்தபின் 12 வாரம் வரைக்கும் ரத்தப்போக்கு திரும்பலாம். நஞ்சுத் துணுக்கு தங்கியிருப்பது அல்லது தொற்று, பெரும்பாலும் இந்த ரெண்டில் ஒன்று. நாற்றம், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே போங்க. தொடர்ந்து ரெண்டு மணி நேரம், மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ முட்டை அளவு ரத்தக்கட்டி விழுந்தாலோ பிரசவம் பார்த்த மருத்துவமனையின் அவசரப் பிரிவு. தலை சுற்றி, கை சில்லிட்டால் டாக்ஸி தேடாதீங்க, ஆம்புலன்ஸுக்கு 995.