புதுப்பிப்பு: லாங்கோலன் கால்வாயில் படகைத் திருப்பும் இடம்

வேல்ஸின் லாங்கோலன் கால்வாயில் 57 அடிப் படகைத் திரும்பி வருவதற்காக எங்கே திருப்புவது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி, பத்திரமாகப் போய்வந்தோம்.

கால்வாயை இரும்புத் தொட்டியில் பள்ளத்தாக்கின் மேலே கொண்டுபோகும் பொன்ட்கசல்டே நீர்ப்பாலத்தில் (1805-இல் திறந்தது) ஒரு படகுக்குத்தான் இடம். எதிரே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு நுழைந்தோம். ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பியே கிடையாது. தொட்டியின் விளிம்பு, அதற்கு அப்பால் 38 மீட்டர் பள்ளம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு!

அப்புறம் லாங்கோலன் ஊருக்கு முன் வரும் குறுகலான பகுதி. எதிரே படகு வருகிறதா என்று ஒருவர் கரையில் முன்னால் நடந்து பார்க்கட்டும் என்று நீங்கள் சொன்ன யோசனைதான் அங்கே கைகொடுத்தது. திருப்பும் இடம் ஊர்ப் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது; அதைத் தாண்டி மோட்டார் படகுக்கு அனுமதியில்லை.

எதிர்பாராதது நீரோட்டம். கால்வாய்க்குள் வரும் டீ (Dee) ஆற்றுத் தண்ணீர் எதிரே ஓடி வருவதால் போகும்போது படகு ஊர்ந்தது. திரும்பும்போது தள்ளிக்கொண்டு போகிறது, வேகத்தை முன்கூட்டியே குறையுங்கள்.