ஸ்கூல்ல நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க, பயமா இருக்குதுங்க, யாராவது சொல்லுங்க

கரூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கங்க. நாங்க இங்கிலாந்து வந்து நாலு மாசம்தான் ஆகுது. சாயங்காலம் பையனக் கூப்பிடப் போனப்ப டீச்சர் என்னைத் தனியா கூப்பிட்டு நாளைக்கு மூன்றரைக்கு வாங்க பேசணும்னாங்க, ரெஸ்பெக்ட் வேல்யூஸ்னு ஏதோ சொன்னாங்க, அவங்க பேசுற வேகத்துல எனக்குப் பாதி புரியல. பையில பிரிட்டிஷ் வேல்யூஸ்னு ஒரு பேப்பர் வேற வச்சு அனுப்பியிருக்காங்க. வீட்டுக்காரரு நைட் ஷிஃப்ட் போயிட்டாரு. இதெல்லாம் நாங்க படிச்சு பரீட்சை எழுதணுமா? விசாவுல ஏதாச்சும் ஆயிருமா? கையும் ஓடல காலும் ஓடல.

லெஸ்டர் மதுரைக்காரன்:
பயப்படாதம்மா. அந்தப் பரீட்சை இப்ப கிடையாது, நிரந்தரமா தங்குறதுக்கு ஐஎல்ஆர் போடும்போதுதான். லைஃப் இன் த யூகே டெஸ்ட்னு பேரு, 24 கேள்வி, 45 நிமிஷம், 18 சரியா இருந்தா பாஸ், ஃபீஸ் 50 பவுண்டு. அதுக்கு இன்னும் வருஷக்கணக்குல டைம் இருக்கு. நான் 2010 நவம்பர்ல வந்தவன், அந்த டிசம்பர்ல கொட்டின பனி இருக்கே, ஒரே ரூம்ல நாலு பேரு, மீட்டர்ல காசு தீந்து ஹீட்டர் நின்னு போயி ஜெர்கின் போட்டபடியே தூங்குவோம். அதையே தாண்டி வந்துட்டோம், இது என்ன பெரிய விஷயம்.

ஹரோ அக்கா:
தங்கச்சி, பிள்ளைக்கு எத்தினை வயசு, எந்த இயர், என்ன நடந்ததெண்டு ஒண்டுமே நீங்கள் எழுதேல்லையே. அது தெரியாம என்னெண்டு சொல்லுறது? நாங்கள் 1999ல வரேக்க என்ர மூத்தவன் வகுப்பில மூண்டு மாசம் வாயே திறக்கேல்ல. எனக்கும் இங்கிலீஷ் வராது, ஒவ்வொரு நாளும் கேற்றடியில நிண்டு அழுதிருக்கிறன். ஒருத்தரும் என்ன ஏதெண்டு கேட்டதில்லை.

லண்டன் வாசி:
சிஸ்டர், ஜாக்கிரதை. பிரிட்டிஷ் வேல்யூஸ்னாலே ப்ரிவென்ட், தீவிரவாதத் தடுப்பு. அடுத்தது சோஷியல் சர்வீஸ் வந்து நிக்கும். எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க, நாளைக்கு லீவு சொல்லிடுங்க.

ஹரோ அக்கா:
தம்பி, ஏன் அந்தப் பிள்ளையை இப்பிடிப் பயப்படுத்துறீங்கள்? 2011ல அரசாங்கம் ப்ரிவென்ட் பற்றி எழுதேக்கதான் பிரிட்டிஷ் வேல்யூஸ் எண்ட சொல் வந்தது, அது உண்மை. ஆனால் 2014ல இருந்து எல்லாப் பள்ளிக்கூடமும் பிள்ளையளுக்கு அதைச் சொல்லிக் குடுக்கவேணும், பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற ஒஃப்ஸ்டெட் வந்து பாக்கிறது. ஜனநாயகம், சட்டத்தை மதிக்கிறது, தனிமனித சுதந்திரம், மற்றவையின்ர மதத்தையும் நம்பிக்கையையும் மதிக்கிறது, அவ்வளவுதான். போகாம விட்டால்தான் பிழை.

கிராய்டன் அப்பா:
இதுக்கு பிரிட்டிஷ்னு பேரு வச்சதுதான் எனக்கு ஏத்துக்க முடியல. நம்ம ஊர்ல மாரல் சயின்ஸ் பீரியட்ல படிச்சதுதானே எல்லாம். பெரியவங்கள மதின்னு இவங்க சொல்லித்தான் நமக்குத் தெரியணுமா? பாட்டி சாவுக்கு ஊருக்குப் போயி ஒரு வாரம் கூட இருந்துட்டு வந்தோம், ஸ்கூல்ல பெர்மிஷன் வாங்கலன்னு எனக்கு 80 என் வைஃபுக்கு 80 பவுண்டு ஃபைன், 21 நாளுக்குள்ள கட்டலன்னா டபுள். அந்த ரெஸ்பெக்ட் எங்க போச்சு?

லெஸ்டர் மதுரைக்காரன்:
கரெக்டா சொன்னீங்க ப்ரோ. வாடகைய கேட்டா அதுக்கு மேல. இப்ப லெஸ்டர்லயே ரெண்டு பெட்ரூம் வீடு கெடைக்கிறது குதிரைக் கொம்பா இருக்கு.

கரூர்க்காரி:
மன்னிச்சிருங்க, பதட்டத்துல எதையும் எழுதாம விட்டுட்டேன். பையனுக்கு ஆறு வயசு, இயர் ஒன். தூங்க வைக்கறப்ப மெதுவா கேட்டுப் பாத்தேன். லஞ்சுக்கு லைன்ல நிக்கறப்ப பக்கத்துப் பையன் இவன் கையப் புடிச்சிருக்கான், ஆப்பிரிக்கக் குடும்பம்ங்க அது, இவன் கைய உதறிட்டு நீ கறுப்பு, தொட்டா ஒட்டிக்கும்னு சொல்லிட்டானாம். இங்கிலீஷே சரியா வராதவன் அத மட்டும் எப்படிச் சொன்னான்னு தெரியல. அந்தப் பையன் சாப்பிடாம அழுதிருக்கான். எங்க மாமியார் தெனம் வீடியோ கால்ல வெயில்ல ஆடாத சாமி கறுத்துப் போயிருவன்னு சொல்லுவாங்க, பவுடர் போட்டியான்னு கேப்பாங்க, நானும் சிரிச்சுட்டே விட்டிருக்கேன். இப்ப நெஞ்சு அடைக்குதுங்க.

திருச்சி டீச்சிங் அசிஸ்டென்ட்:
நான் பிரைமரி ஸ்கூல்ல ஒன்பது வருஷமா வேலை பாக்கறேன், இப்ப எழுதறத மட்டும் பாருங்க. முதல்ல விசா. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 2016ல பிள்ளைங்க எந்த நாட்டுக்காரங்கன்னு ஸ்கூல்கள்ல கேட்டு வாங்கினாங்க, எதிர்ப்பு வந்ததால 2018ல அதையும் நிறுத்திட்டாங்க. இங்க பத்து வயசுக்குக் கீழ குழந்தை மேல குற்றம்னு கேஸே போட முடியாது, உங்க பையனுக்கு ஆறுதான். நிறத்த வச்சு சொன்னதுன்னா ஸ்கூல்ல எழுதி வைப்பாங்க, அதைப் பாத்து மிரண்டுடாதீங்க.

நாளைக்குக் கண்டிப்பா போங்க. காலைல ஆபீசுக்கு ஃபோன் பண்ணி தமிழ் இன்டர்பிரட்டர் கிடைக்குமான்னு கேளுங்க, ஒரே நாள்ல கிடைக்கலன்னா மெதுவா பேசச் சொல்லுங்க, புரியாதத எழுதிக் காட்டச் சொல்லுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. அவன் சொன்னது இதுதான், வீட்ல இப்படிக் கேட்டிருக்கான், நாங்க நிறுத்தறோம்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க. சின்னப் பையன் தெரியாம சொல்லிட்டான்னு ஆரம்பிக்காதீங்க, அந்த அம்மாவும் நாளைக்கு வரலாம், அவங்க காதுல அது வேற மாதிரி விழும். இந்த வேல்யூஸ் எங்க கிளாஸ்ல பாடமா இருக்காது. சாயங்காலம் எந்தக் கதை படிக்கலாம்னு ரெண்டு புக்க வச்சு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கட்டை கொடுத்து, பிடிச்ச புக்கு முன்னாடி இருக்கற டப்பால போடச் சொல்லுவேன். தோத்த பக்கத்துப் பசங்க மூஞ்சியத் தூக்கி வச்சுட்டாலும் உக்காந்து அந்தக் கதையக் கேக்கணும். ஜனநாயகம்னு அந்த வயசுல அவ்வளவுதான். மரியாதையும் அப்படித்தான், லைன்ல பக்கத்துல நிக்கறவன் கையப் புடிக்கறதுல இருந்து வரணும். ஸ்கூல்ல நாங்க எவ்வளவு சொன்னாலும் வீட்ல பாட்டி சொல்றதுதான் பிள்ளை மனசுல நிக்கும்.

கரூர்க்காரி:
அந்தப் பையனோட அம்மாகிட்ட நானே போயி மன்னிப்பு கேக்கலாங்களா?

திருச்சி டீச்சிங் அசிஸ்டென்ட்:
ஸ்கூல் கேட்டுக்கு வெளிய வழிமறிச்சு கேக்காதீங்க. அவங்களுக்கு இப்ப கோபம் இருக்கும். டீச்சர்கிட்ட சொல்லி, அவங்களுக்கு விருப்பமான்னு கேட்டுட்டு அப்புறம் பாருங்க.

ஹரோ அக்கா:
என்ர மூத்தவனையும் ஒரு பிள்ளை அப்பிடிச் சொல்லியிருக்கிறான். அப்ப அவையின்ர தாய் வந்து ஒரு சொல் கேட்டிருந்தால் எனக்குப் போதும். தங்கச்சி, நீங்கள் போங்கோ.

கரூர்க்காரி:
போயிட்டு வந்துட்டேங்க. இன்டர்பிரட்டர் கிடைக்கல, டீச்சரே கூகுள்ல தமிழ் போட்டு மெதுவா பேசுனாங்க. திட்டல. அடுத்த வாரம் எல்லா பசங்களையும் அவங்கவங்க கையப் பாத்து பெயின்ட் கலக்கச் சொல்லி, அந்தக் கலர்ல கை அச்சு வைக்கப் போறாங்களாம், இவனையும் அந்தப் பையனையும் ஒரே டேபிள்ல உக்கார வைக்கலாமான்னு அந்த அம்மாவக் கேட்டு சரின்னுட்டாங்களாம். என்னைப் பாக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்னாங்களாம், அது சரிதான். இனி எங்க மாமியார்கிட்டச் சொல்லணும். அவங்க கால் இன்னும் அரை மணி நேரத்துல வரும், எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியலங்க.