கோயர்ஷன்: பேச்சிலும் சட்டத்திலும் நிரலிலும் ஒரே பொருளா?

கேள்வி:
அகராதியில் 'கோயர்ஷன்' என்றால் வற்புறுத்தல் என்று இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்திலும் அதே சொல், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியிலும் 'டைப் கோயர்ஷன்'. எல்லாம் ஒன்றுதானா? நச்சரித்துக் காரியம் சாதிப்பதும் இதில் வருமா?

பதில் 1:
நச்சரிப்பு வராது. "இன்னும் கொஞ்ச நேரம் இருங்க" என்பதும் தமிழில் வற்புறுத்தல்தான், அதனால்தான் அந்தச் சொல் குழப்புகிறது. 'வலுக்கட்டாயம்' இன்னும் நெருக்கம். மறுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1969-இல் முன்வைத்த அளவுகோலும் ஏறக்குறைய இதுதான். மறுத்தவர் பழைய நிலையிலேயே இருந்தால் அது பேரம். அதற்கும் கீழே தள்ளப்படுவார் என்றால் மிரட்டல். "விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் உன் கணக்குப் புத்தகங்களைத் தரமாட்டேன்" என்பது மிரட்டல். புத்தகங்கள் ஏற்கெனவே அவருடையவை.

பதில் 2:
அந்த உதாரணம் சட்டத்துக்கும் பொருந்தும். இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) பிரிவு 15 இரண்டைச் சொல்கிறது: தண்டனைச் சட்டம் தடுத்த செயல், அல்லது சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைப்பது. செய்ய வேண்டும் என்றில்லை, செய்வதாக மிரட்டினாலே போதும். ஆனால் ஒப்பந்தத்துக்கு இணங்க வைக்கும் நோக்கம் இருக்க வேண்டும். "பாக்கியைக் கொடு, இல்லாவிட்டால் வழக்குப் போடுவேன்" என்பது பொதுவாக இதில் சேராது. வழக்குப் போடுவது உரிமை. தற்கொலை மிரட்டல் சேரும் என்று 1917-இல் சென்னை உயர் நீதிமன்றம் அம்மிராஜு வழக்கில் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது.

பலர் சறுக்கும் இடம்: ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது. பிரிவு 19-இன்படி மிரட்டப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யலாம், அதுவரை அது செல்லும். கட்டாயத்தில் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கப் பிரிவு 72.

பதில் 3:
நிரலில் மிரட்டல் ஏதும் இல்லை. மதிப்பின் வகையை (எண்ணா, எழுத்தா என்பதை) நிரல்மொழியே கேட்காமல் மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான். நீங்களே எழுதி மாற்றினால் அது காஸ்டிங்.

ஜாவாஸ்கிரிப்டில் "5" - 3 என்றால் 2. "5" + 3 என்றால் "53". கூட்டல் குறிக்கு ஒட்டுகிற வேலையும் உண்டு. ஒரு பக்கம் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) இருந்தால் மறுபக்கத்தையும் ஸ்ட்ரிங் ஆக்கிவிடும். ஃபார்ம் பெட்டியின் மதிப்பு ஸ்ட்ரிங்காகவே வரும், அதனால் 100-உம் 18-உம் சேர்ந்து 10018 ஆகிறது. பைத்தானில் இதே கூட்டல் டைப்எரர் என்ற வகைப்பிழையில் நின்றுவிடும் (நல்லதுதான்), ஆனால் 1 + 2.5 அங்கேயும் சத்தமில்லாமல் 3.5.

மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் பிழைச்செய்தியே வராது. எழுத்து வகை நெடுவரிசையை மேற்கோள் குறியில்லாத 123-ஓடு ஒப்பிட்டால் '0123' வரிசையும் சேர்ந்து வரும், தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸும் பயன்படாது.

கேட்டவர்:
அப்படியானால் எல்லா இடத்திலும் === (வகையை மாற்றாமல் ஒப்பிடும் குறி) போட்டால் போதுமா?

பதில் 3:
ஒப்பீட்டுக்குப் போதும், கூட்டலுக்கு உதவாது. மதிப்பை வாங்கும் இடத்திலேயே எண்ணாக்குங்கள். 'நம்பர்' ஃபங்ஷனுக்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுத்தால் 0 வரும், 'பார்ஸ்இன்ட்' ஃபங்ஷன் கொடுப்பது நேன் ('எண் அல்ல' என்ற குறி). ஆனால் "12அ" என்பதைப் 'பார்ஸ்இன்ட்' 12 என்று ஏற்றுக்கொள்ளும், 'நம்பர்' ஏற்காது. ஆகவே முதலில் ட்ரிம் செய்து (முன்பின் இடைவெளிகளை நீக்கி) வெற்றா என்று பாருங்கள், பிறகு 'நம்பர்', கடைசியில் நேன் சோதனை.